தனி அடுப்பு

உறுவையாறு ஊரில் சகாயராணி பார்த்து வைத்திருந்த வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்பக்கம் துணி துவைக்கிற கல். விற்கிறவர் ஆடி முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். வங்கி கடன் கொடுக்கத் தயார். ஆனால் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து கட்டினால்தான் மீதியை அது கொடுக்கும். அந்த ஒரு பங்குதான் அவள் புருஷன் அன்புராஜிடம் இல்லை. அவன் பம்புசெட் கம்பெனியில் பிட்டர். சம்பளம் வரும், தங்காது.

வீடில்லாத குடும்பங்களுக்கு அந்த முன்பணத்தை அரசாங்கமே கொடுக்கிற திட்டம் ஒன்று இருந்தது. இருவரும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் போய்க் கேட்டார்கள். மேசையில் இருந்தவர் ரேஷன் கார்டைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் வூடு இருக்கேம்மா."

"அது மாமனார் பேர்ல சார்."

"கார்டு ஒண்ணு, அடுப்பு ஒண்ணு. அப்ப அது உங்க வூடும்தான். தனியா போனாதான் தனிக் குடும்பம். கார்டப் பிரிச்சுக்குங்க, தனியா ஆக்கித் தின்னுங்க. ஆபீசரம்மா வந்து பாப்பாங்க. எப்ப வருவாங்கன்னு யாருக்கும் சொல்ல மாட்டாங்க."

மாதா கோயில் தெருவில் இருந்த வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்கள். மாமனார் சூசைநாதன் உடனே சரி என்றார். மாமியார் ரோசம்மாளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

"ஒரே வூட்ல ரெண்டு சோறா? ஏண்டி, உன் புருஷன் எந்தப் பக்கம் துன்னுவான்?"

"ரெண்டு பக்கமும் துன்னுவேன்" என்றான் அன்புராஜ்.

கார்டைப் பிரிக்க எழுதிக் கொடுத்தார்கள். பின்கூரையின் கீழ் ஓர் ஒற்றை அடுப்பும் நாலு பாத்திரமும் வந்தன. முதலில் சகாயராணி அதில் பால் மட்டும் காய்ச்சினாள். ஆபீசரம்மா சட்டியைத் திறந்து பார்த்தால் என்ன செய்வது என்ற பயம் வந்ததும் சோறும் குழம்பும் அங்கேயே ஆயின. கேட்பவர்களுக்குத் தனியாகிவிட்டோம் என்று மட்டும் சொல்வது என நால்வரும் பேசி வைத்துக்கொண்டார்கள். உண்மை வெளியே போனால் அலுவலகம் வரை போய்விடும்.

தெரு தன் போக்கில் காரணம் கண்டுபிடித்தது. மருமகள் நகையைக் கேட்டாளாம், மாமியார் தட்டைப் பிடுங்கினாளாம். பக்கத்து வீட்டு ஜோஸ்பின் இரண்டு பக்கமும் வந்து துக்கம் விசாரித்தாள். உபதேசியார் பாக்யராஜுக்கு இதைக் கேட்டுப் பொறுக்கவில்லை. கோயிலில் சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் சொல்லிக்கொடுப்பவர் அவர். ஊரில் எந்தச் சண்டையும் அவரைத் தாண்டிப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தை ரோசம்மாள் வீட்டிலேயே வைத்துவிட்டார்.

ஜெபமாலை முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ரோசம்மா, உன் மருமவ கையப் புடி" என்றார் உபதேசியார்.

"எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல உபதேசியாரே."

"ஒண்ணும் இல்லன்னா புடிக்கறதுக்கு இன்னா?"

மறுத்தால் பேச்சு வளரும். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் டீ கொடுத்து அனுப்பிய பிறகு, ரோசம்மாள் தூணில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். சகாயராணியும் சிரித்தாள்.

அந்த வாரமே ஆபீசரம்மா வந்தார். வெண்ணிலா என்று பெயர். அவர் முதலில் நுழைந்தது ஜோஸ்பின் வீட்டில். ஜோஸ்பின் சந்தோஷமாகச் சொன்னாள்:

"முந்தி பிரிஞ்சிதான் இருந்தாங்க மேடம். எங்க உபதேசியார் சமாதானம் பண்ணி வெச்சுட்டாரு. இப்ப மாமியாளும் மருமவளும் அம்மா பொண்ணு மாதிரி."

வெண்ணிலா இந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது சகாயராணி பின்பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ரோசம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒண்ணா சேந்துட்டதா பக்கத்துல சொல்றாங்களே" என்றார் வெண்ணிலா. "அப்ப நான் ஒரே குடும்பம்னுதான் எழுதணும்."

சகாயராணி ஈரக் கையோடு முற்றத்துக்கு வந்தாள். இல்லை என்று சொல்ல வேண்டும். பேனா காகிதத்தில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு சேந்தது?" ரோசம்மாள் கத்தியைத் தரையில் வைத்தாள். "இவ கூடவா? மாமனாருக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணிப் படுக்க வெச்சிருந்தப்ப, பொட்டியத் தூக்கிக்கிணு ஆத்தா வூட்டுக்குப் போனவ மேடம் இவ. மூத்திரப் பைய நான் ஒருத்தியா தூக்கிக்கிணு அலைஞ்சேன். இவ கூட நான் சேருவனா?"

சகாயராணி அதை நடிப்பு என்றே எடுத்துக்கொண்டாள். நல்லவேளை என்றுகூடத் தோன்றியது. தானும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஏன் போனேன்னு சொல்லுங்க அத்த. வயித்துல புள்ள கலைஞ்சு போய்த்தான் போனேன். தலை சுத்துதுன்னு சொன்னவள நாத்து நடப் போடின்னு கழனிக்குத் தள்ளுனது யாரு?"

"நான் ஆறு மாச வயித்தோட நட்டவ."

"உங்களுக்கு நின்னுச்சு. எனக்கு நிக்கல."

அதற்குப் பிறகு எது யாருக்காகச் சொன்னது என்று பிரிக்க முடியவில்லை. மருமகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டது வந்தது. குழந்தைக்கு இன்னும் வழியில்லையா என்று மாமியார் ஊரார் முன்னால் கேட்டது வந்தது. வெண்ணிலா இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். பின்கூரைக்குப் போய் ஒற்றை அடுப்பைப் பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார்.

"தனி அடுப்புன்னே எழுதிடுறேன். இந்த வாரமே மேல அனுப்பிடுவேன்" என்று சகாயராணியிடம் தணிந்த குரலில் சொன்னார். "வூடு கெடச்சா சீக்கிரம் போயிடும்மா."

வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டியதும் சூசைநாதன் அறையிலிருந்து கை தட்டிக்கொண்டே வந்தார்.

"இன்னா நடிப்பு! ரெண்டு பேரும் சினிமாவுக்கே போயிருக்கலாம்."

இருவரும் அவரைப் பார்க்கவில்லை. ரோசம்மாள் கத்தியை எடுத்து மிச்ச மீனையும் ஆய்ந்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பிறகு மீனை இரண்டாகப் பங்கிட்டாள். தலைத்துண்டுகளைக்கூடச் சமமாகப் பிரித்தாள். ஒரு பங்கைச் சட்டியில் எடுத்துக்கொண்டு போய்ப் பின்கூரையில் வைத்தாள்.

"அதான் எழுதிக்கிணு போயிட்டாங்களே அத்த" என்றாள் சகாயராணி. "இனிமே எதுக்கு?"

"மீன் நாறிடும். உப்பு மஞ்சள் போட்டு வை."

முன்பணம் ஆடி முடிவதற்குள் வந்துவிட்டது. பத்திரம் பதிவானது. பழைய ஆட்கள் வீட்டைக் காலி செய்து கொடுக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை மாதா கோயில் தெரு வீட்டில் இரண்டு குழம்பு கொதித்தது. அன்புராஜ் இரண்டு பக்கமும் சாப்பிட்டான். உபதேசியார் இன்னொரு முறை வந்து பார்த்தார். ஜெபக் கூட்டம் வைக்கட்டுமா என்று அவர் கேட்டபோது, தனி அடுப்பு வெறும் நாடகம்தான் என்று மாமியாரும் சொல்லவில்லை, மருமகளும் சொல்லவில்லை.