ஹம்னா போட்ட புது ஸ்பிரிங்

கணவன் உசாமாவிடமிருந்து வரும் போன் வரவரக் குறைந்துகொண்டிருந்தது. ஹம்னாவுக்கு அதில் கோபமில்லை. ஷார்ஜாவில் வேலை கூடுதல் போலும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லீவில் வந்து இறங்குகிறவன் முகம் மலரும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசித்தபோதுதான் காரின் நினைவு வந்தது.

அது கல்யாணத்துக்கு முன்பே உசாமா நாகர்கோவிலில் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாகத் தெரிய வேண்டுமென்று இளவட்டத் திமிரில் ஸ்பிரிங்குகளை வெட்டிவிட்டிருந்தான். கல்யாணமான மறுவாரம் களக்காட்டுக்குப் போனபோது, மேலப்பாளையம் தாண்டுவதற்குள் அவள் தலை இரண்டு தடவை கூரையில் இடித்தது. பள்ளத்துக்குப் பள்ளம் வண்டியின் வயிறு ரோட்டில் உரசியது. இருவருக்கும் சிரித்து மாளவில்லை.

"அடுத்த லீவுல எல்லாத்தையும் மாத்திட்டு உன்னய பூ மாதிரி கூட்டிட்டுப் போறேன் பாரு" என்றான் அன்று.

அடுத்த லீவில் அதற்கு நேரமில்லை. அதற்கடுத்த லீவுக்கு அவன் வரவே இல்லை.

வண்ணார்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சிவசங்கரன் வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்பிரிங்க வெட்டுனா ஷாக் அப்சார்பர் எப்பிடிம்மா தாங்கும்? நாலும் போச்சு. ரப்பர் புஷ்ஷும் நைஞ்சு கெடக்கு."

"எல்லாத்தையும் மாத்திருங்க அண்ணாச்சி. இருக்கதுலயே நல்லதாப் போடுங்க."

"மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாமே?"

"அவுகளுக்குத் தெரியக் கூடாது. வந்து ஓட்டும்போதுதான் தெரியணும்."

கோயம்புத்தூரிலிருந்து புது ஷாக் அப்சார்பர்களும் அளவான ஸ்பிரிங்குகளும் வந்தன. வேலை முடிந்த அன்று சிவசங்கரன் சாவியை அவளிடமே கொடுத்தார். பைபாஸில் முதல் வேகத்தடை வந்ததும் ஹம்னா பல்லைக் கடித்துக்கொண்டாள். வண்டி ஒரே ஒருமுறை தாழ்ந்து எழுந்து அமைதியானது. முன்பெல்லாம் வளைவில் பின்பக்கம் துள்ளும். இப்போது ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு திரும்பியது. தனியாக உட்கார்ந்துகொண்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

உசாமா வந்த மறுநாள், அவனாகவே, "வா, வெளிய ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றான். பெருநாளுக்கு அவன் அனுப்பியிருந்த சேலையை உடுத்திக்கொண்டு ஹம்னா ஏறினாள்.

முன்னீர்பள்ளத்தில் வேகத்தடை. பழைய பழக்கத்தில் அவன் வண்டியை நிறுத்தாத குறையாக மெதுவாக்கி, குறுக்குவாட்டில் ஏற்றி இறக்கினான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். ஒன்றுமில்லை. அடுத்த வேகத்தடையிலும் அப்படித்தான். சேரன்மகாதேவி தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி நன்றாகவே இறங்கி, அலுங்காமல் ஏறியது. அப்போதும் அவன் கண் ரோட்டைவிட்டு நகரவில்லை.

"வண்டி எப்பிடி இருக்கு மச்சான்?"

"எப்பவும் போலத்தான்."

களக்காட்டு ரோட்டில் ஒரு வாழைத்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். கை ஸ்டியரிங்கைவிட்டு இறங்கவில்லை.

"ஹம்னா, நான் அங்கனயே ஒருத்திய நிக்காஹ் முடிச்சிட்டேன்."

தோப்புக்குள் யாரோ மோட்டார் போட்டார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"எப்ப?"

"போன நோன்புக்கு முன்னால."

சேலை வந்தது அந்த நோன்பு முடிந்த பெருநாளுக்கு. அவள் மடியில் கிடந்த முந்தானையைப் பார்த்தாள்.

"இனிமே இங்கன வந்து இருக்க எனக்குத் தோதுப்படாது. பிரிஞ்சுக்கிடுவோம். நீ ஜமாத்துல என்ன கேட்டாலும் ஒத்துக்கிடுதேன். உம்மேல ஒரு குறையும் இல்ல, ஹம்னா."

குறை இருந்திருந்தால்கூட மாற்றிக்கொண்டிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. அவன் சாவியைத் திருகினான், கிளட்சை வெடுக்கென்று விட்டதில் வண்டி கிளம்பி நின்றுவிட்டது. மறுபடியும் நின்றது.

"இறங்குங்க. நான் ஓட்டுதேன்."

வரும்போது அவள் எந்த வேகத்தடைக்கும் பெரிதாக மெதுவாக்கவில்லை. பத்தமடை தாண்டியதும் அவன் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"வண்டிய என்னமோ பண்ணிருக்க. இடிக்கவே இல்லியே."

"ஆமா" என்றாள். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அழுகிறானா என்று அவள் பார்க்கவில்லை.

மேலப்பாளையத்தில் மாமியார் வீட்டுத் தெருவுக்குத் திரும்பாமல் நேரே தன் வாப்பா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

கார்ச் சத்தம் கேட்டு அவள் உம்மா ஜனாபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே நடைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மருமவன உள்ள வரச் சொல்லு. வடை சுட எண்ணெய் வச்சிருக்கேன்."

"அவுக வரமாட்டாக உம்மா."

"ஏன், அவசரமா? நாளைக்கு வரட்டும்."

"இனிமே வரமாட்டாக."

வெளியே கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. உம்மா வாசலையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கூடத்துத் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஹம்னா அவள் மடியில் தலையைப் போட்டாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.