குடோனுக்கு அடியில் ஓடை

முதல் ஈடு வர்க்கி பிஸ்கட் அடுப்பை விட்டு வெளியே வந்த நேரத்தில் பேக்கரி வாசலில் மூன்று மழைக்கோட்டுகள் வந்து நின்றன. வேலாமணி கையில் ஒட்டியிருந்த மைதாவை முந்தானையில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். சென்னையிலிருந்து வந்திருக்கும் கன்சல்டன்ட் ஆட்கள்.

போன ஐப்பசி மழையில் ஓடை பொங்கி, கீழ் லயத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததிலிருந்து ஊரில் இதே பேச்சுத்தான். நகராட்சி ஒரு கம்பெனியை அமர்த்தியிருந்தது. மேலே தேயிலைக் காட்டில் விழுகிற மழை எந்தெந்த ஓடையில் சேர்ந்து, எங்கே முட்டி, எங்கே வழிகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார்களாம். எங்கே வடிகால் கட்டுவது, எதை இடிப்பது என்று அதை வைத்துத்தான் முடிவாகுமாம்.

"மேல பேயற மழ பத்தாதுன்னு பொட்டிக்குள்ளயும் பேய வெக்கறாங்களாமா," என்றான் கல்லாவில் உட்கார்ந்திருந்த லிங்கசாமி. வேலாமணியின் புருஷன். ஊரே சொல்லிச் சிரித்த ஜோக்கைத் தன் ஜோக்கு மாதிரியே சொல்வான்.

குழுவுக்குத் தலைவியாக வந்தவள் தாரிணி, சின்ன வயசுப் பெண். காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. வேலாமணி உப்பை அள்ளி வந்து அவள் காலருகே குந்தினாள்.

"அசையாத நில்லு கண்ணு. புடுங்குனா பல்லு உள்ளயே நின்னுக்கும். டீ சாப்புடறீங்களா? வர்க்கி சூடா இருக்குது."

தாரிணி ஒரு வர்க்கியைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். "அம்மா, சூப்பரா இருக்கு." பிறகு கையிலிருந்த டேப்லெட்டைத் துடைத்தாள். "ஓடை உங்க குடோனுக்கு அடியிலதானே போகுது? ஓடை உள்ளே நுழையற மேல் வாய் பூரா உண்ணிச்செடி, முள்ளு. உள்ளே எவ்வளவு அகலம்னு தெரிஞ்சாகணும். இறங்கறதுக்கு வழி இருக்கா?"

வழி இருந்தது. குடோன் மூலையில் ஒரு கான்கிரீட் மூடி. அதன் மேல் மைதா மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. வேலாமணி புருஷனைப் பார்த்தாள். சொல்லாதே என்பதுபோல அவன் லேசாகத் தலையை அசைத்தான்.

"வழியெல்லாம் இல்லீங் கண்ணு. ஆனா உள்ள நல்ல அகலமுங்க. ரெண்டு ஆளு குனியாம நடந்து போலாம். தண்ணி தங்குதடையில்லாம போகும்."

"எட்டடி இருக்குமா?"

"அதுக்குக் கொறையாதுங்க."

தாரிணி அதை டேப்லெட்டில் தட்டிக்கொண்டாள். இன்னும் எத்தனையோ ஓடைகள் பாக்கி. மழை வேறு வலுத்துக்கொண்டிருந்தது. வேலாமணி ஒரு பொட்டலம் வர்க்கியைக் கட்டிக் கொடுத்தாள். அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த கீழ் லயத்துக் கருப்பம்மா தலையைத் தூக்கவில்லை.

உள்ளே இருந்தது எட்டடி அல்ல. ஒரு சிமெண்ட் குழாய், அவ்வளவுதான். குடோன் கட்டும்போது அங்கிருந்த பழைய கல் சுவரை இடித்தார்கள். அந்தச் சரிவில் லாரி இறங்காது. கல்லை ரோட்டுக்கு ஏற்றுவதென்றால் தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டும். மலையில் எதையும் மேலே ஏற்றத்தான் பாடு, கீழே தள்ளுவதற்கு யாரும் யோசிப்பதில்லை. "ஓடையில கொட்டுங்க, அடுத்த மழைக்கு அடிச்சுட்டுப் போயிரும்" என்றான் லிங்கசாமி. எஸ்டேட்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள், காட்டேஜ் கட்டுகிறவர்களும் அப்படித்தான். கருப்பம்மாவும் அவள் மருமகள் சசிகலாவும் சட்டி சட்டியாகச் சுமந்து கொட்டினார்கள். எந்த மழையும் அந்தக் கல்லை அடித்துக்கொண்டு போகவில்லை. நடுவில் குழாயைப் போட்டு, மேலே ஸ்லாப் வார்த்து, பூஜை போட்டு மூட்டை அடுக்கியாயிற்று.

ஐப்பசியில் மழை இறங்கியபோது தண்ணீர் குழாய்க்குள் போக மாட்டாமல் மேல் வாயில் ஏறி நின்று, பேக்கரி ஓரத்துப் படிக்கட்டில் தாவியது. அங்கிருந்து நேராகக் கீழ் லயம். லயத்து வீடுகளின் வாசல் கதவை உடைத்துக்கொண்டு முன்பக்கமாகத்தான் உள்ளே போனது. வேலாமணி அதை ஜன்னலில் நின்று பார்த்தவள்.

அன்றைக்கு அவள் ஓடிப்போய் எல்லோரையும் மேலே கூட்டி வந்தாள். கருப்பம்மாவின் பேத்தியைத் தன் இடுப்பில் தூக்கி வந்தாள். தண்ணீர் வடிகிறவரைக்கும் அவர்கள் அந்தக் குடோனில்தான், மைதா மூட்டை மேல்தான் படுத்தார்கள். சுடுசோறு போட்டாள், கம்பளி கொடுத்தாள். பேப்பரில் அவள் படம் வந்தது. லிங்கசாமி அதைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டினான். கருப்பம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா எம் பேத்தி இல்லீங்கம்மா" என்று அழுதாள். அந்த அழுகையை வேலாமணி வாங்கி வைத்துக்கொண்டாள். எந்தக் குடோன் அவர்களை மூழ்கடித்ததோ அதே குடோனில் படுக்க வைத்து நன்றியும் வாங்கிக்கொண்டாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை அவள் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள்.

சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய திரையில் ஊரின் படம். ஓடைகள் நீலம். தண்ணீர் ஏறுகிற இடம் சிவப்பு, ஏறாத இடம் பச்சை. பேக்கரி பச்சையில் இருந்தது. கீழ் லயம் ரத்தச் சிவப்பு.

தாரிணி விளக்கினாள். "மேலே எங்கேயும் அடைப்பில்லை. குடோனுக்கு அடியில எட்டடி அகலம். தண்ணி தாராளமா வருது. லயத்துக்கிட்டதான் ஓடை குறுகுது. அங்கே கரையோரமா வீடுகள் இருக்கு. தண்ணி அங்கே முட்டிப் பின்பக்கமா வீட்டுக்குள்ளே ஏறுதுன்னு மாடல் காட்டுது."

கவுன்சிலர் மருதாசலம் தொண்டையைச் செருமினார். "சுத்தி வளைக்க வேண்டாமுங்க. அந்த ஊடுகளை எடுத்துப்போட்டாத்தான் ஓடை ஓடும். ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் குடுத்தர்றதுதான் முறை. வேற எடம் கேட்டுப் பாக்கலாம்."

"எங்கீங்க? மலையிறங்கி மேட்டுப்பாளையத்துலயா?" பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சிரிப்பு வரவில்லை.

"ஒரு சந்தேகம்," என்றாள் தாரிணி. "லயத்துல இருக்கறவங்க யாராவது சொல்லுங்க. தண்ணி எந்தப் பக்கமா உள்ளே வந்துச்சு? வாசல் பக்கமா, ஓடைப் பக்கமா?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. லயத்தில் பாதிப் பேர் பேக்கரியிலும் பேக்கரிக்கு விறகு சுமந்தும் பிழைப்பவர்கள். கடைசியில் கருப்பம்மா எழுந்தாள். வேலாமணி நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள். இதோ சொல்லப்போகிறாள். சொல்லிவிடட்டும், சொல்லக்கூடாது, இரண்டும் ஒரே மூச்சில் அவளுக்குள் ஓடின.

கருப்பம்மா ஒரு தரம் முதலாளியம்மாவைப் பார்த்தாள். "பின்பக்கந்தாங்க. ஓடப் பக்கமா."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"எம் வீடுங்களே. ஞாபகம் இல்லாமயா?"

லிங்கசாமி மூச்சை விட்டான். வேலாமணி பக்கம் குனிந்து, "நன்றியுள்ள சீவன்" என்றான். அந்தச் சொல் வேலாமணியின் முதுகில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. தன் வீட்டைத் தானே இடிக்கச் சொல்லிவிட்டு ஒருத்தி உட்காருகிறாள், அதற்குப் பெயர் நன்றி.

கூட்டம் கலைந்தது. வெளியே தூறல். படியில் கருப்பம்மா நின்றிருந்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் வேலாமணி தப்பித்திருப்பாள். இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். வீட்ட இடிச்சா வேற எடம் கிடைக்கிற வரைக்கும் சாமானை உங்க குடோன்ல வெச்சுக்கட்டா? தையல் மிஷினு ஒண்ணு, பாத்திரம் கொஞ்சம். எடத்த அடைக்காது."

வேலாமணி ஒரு படி இறங்கி அவள் பக்கத்தில் வந்தாள்.

"ஏன் கருப்பம்மா அப்படிச் சொன்ன? உனக்குத் தெரியுமல்ல?"

"தெரியாமயா? கல்லச் சுமந்தவளே நாந்தானே." கருப்பம்மா சேலையைத் தலையில் இழுத்துவிட்டாள். "உங்க வாய் சொன்னத எம் வாய் மறுத்துப் பேசிட்டா, நாளைக்கு எங்க போயி மாவு பெசையறது? வீடு போனாக் குடிசை போட்டுக்கலாம். வேலையும் சேந்து போனா?"

நன்றியும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். இத்தனை நாளும் கையைப் பிடித்துக்கொண்டு அழுததில் எவ்வளவு அன்பு, எவ்வளவு பயம் என்று இனி எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வேலாமணி திரும்பிக் கூடத்துக்குள் போனாள். தாரிணி ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மருதாசலம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, எங்கூட வாங்க. கவுன்சிலரே, நீங்களும் வாங்க."

"ஏ புள்ள, என்ன விசயம்?" என்று லிங்கசாமி அவள் முழங்கையைப் பிடித்தான். குரலைத் தாழ்த்தி, "கூறு கெட்டுப்போச்சா? குடோனை இடிச்சா பேக்கரி அவ்வளவுதான். கருப்பம்மாளுக்கு வேலை குடுக்கறதே அதுதான், தெரிஞ்சுக்க" என்றான்.

"அதச் சொல்லித்தான் அவ வாய அடைச்சோம். ஓடைய அடைச்சது பத்தாதுன்னு," என்று கையை உதறினாள்.

பேக்கரிக்கு வந்ததும் அவளே மூட்டைகளை இழுத்துப் போட ஆரம்பித்தாள். சேலை வெள்ளையாகியது. மருதாசலம் கூட ஒரு மூட்டைக்குக் கை கொடுத்தார். கான்கிரீட் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார்கள். தாரிணி டார்ச்சை உள்ளே அடித்தாள். இடிந்த கல், கல்லுக்கு நடுவே மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்த ஒற்றைக் குழாய். தண்ணீர் மேல் வாயில் தேங்கி முனகிக்கொண்டிருந்தது.

தாரிணி டார்ச்சை இன்னொரு தரம் குழாய் மேல் அடித்தாள்.

"எட்டடின்னு நானே பதிவு பண்ணேன்," என்றாள் தாரிணி. அவள் முகம் சிறுத்திருந்தது. "அன்னைக்கே மூட்டையை நகர்த்தச் சொல்லியிருக்கணும். டீ குடிச்சிட்டுப் போயிட்டேன்."

"நான் பொய் சொன்னனுங்க. தண்ணி இங்கிருந்து படிக்கட்டு வழியாத்தான் போச்சு. லயத்து வாசல் பக்கமா. நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்." வேலாமணி மருதாசலத்தைப் பார்த்தாள். "நோட்டீஸு குடுக்கறதுன்னா எங்க குடோனுக்குக் குடுங்க."

மருதாசலம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். அவருடைய மச்சான் காட்டேஜும் மேலே இன்னொரு ஓடை மேல்தான் நிற்கிறது. அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மறுபடியும் எல்லா எடத்தையும் அளக்கணுமுங்களா?" என்று தாரிணியைக் கேட்டார்.

"எல்லா இடமும். உள்ளே இறங்கி."

வாசலில் லயத்துச் சனம் கூடியிருந்தது. கருப்பம்மா குனிந்து குழிக்குள் பார்த்தாள். அவள் சுமந்து கொட்டிய கல் அப்படியே கிடந்தது.

"கொட்டும்போதும் எங்களத்தான் கூப்பிட்டீங்க," என்றாள். முதல் தடவையாக அவள் குரலில் முள் இருந்தது. "எடுக்கறதுக்கும் எங்களத்தானா?"

வேலாமணி சேலையைத் தூக்கிச் செருகினாள். மூடி எடுத்த குழிக்குள் இறங்கினாள். முழங்கால் வரைக்கும் ஐஸ் தண்ணீர். ஒரு கல்லைப் பெயர்த்து இரண்டு கையாலும் தூக்கி விளிம்பில் வைத்தாள். மூச்சு வாங்கியது. அவள் உடம்பு கல் சுமந்து பழகியதல்ல, சுமக்கச் சொல்லிப் பழகியது.

கருப்பம்மா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியதும் இல்லை.

"அம்மணி, உங்க பொட்டி பொய் சொல்லாதுங்க," என்றாள் வேலாமணி குழிக்குள் நின்றபடியே தாரிணியிடம். "நாம சொல்ற பொய்யத்தான் கலர் போட்டுக் காட்டும். மேல இருக்கறவன் தண்ணிய அடைச்சுட்டு வாய் கூசாமப் பொய் சொன்னா, கீழ இருக்கறவன் ஊடு சிவப்பாயிருது. இனி எவன் ஊட்டையும் இடிக்கறதுக்கு முன்னாடி, அவனுக்கு மேல உக்காந்திருக்கறவன் ஊட்டுக்கு அடியில எறங்கிப் பாருங்க. மொதல்ல எங்களப் பாருங்க."

சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குக் குனிந்தாள். தலையை நிமிர்த்தி யார் முகத்தையும் பார்க்க அவளுக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை.