குணவதி தடுத்த சொல்

பினாங்கின் பிறை நகரில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச்சோதனைப் பிரிவு குணவதியின் பொறுப்பில் இருந்தது. அவள் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை மேலாளரே வந்து கெஞ்சினாலும் வெளியே விடமாட்டாள். ஜெலுத்தோங்கில் அவள் வீட்டு வாசலில் நீல நிற பீட்டில் கார் ஒன்று நிற்கும். அந்தக் காரை வைத்துத்தான் பினாங்கு கிளாசிக் கார்க்காரர்களின் முகநூல் குழுவில் சேர்ந்திருந்தாள்.

குழுவைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் "என்னால் முடியவில்லை, மன்னிக்கவும்" என்று ஒரு வரி போட்டுவிட்டு விலகிப் போனார். குழுவைத் தொடங்கிய மெய்யநாதன், யாராவது தொண்டாக எடுத்துச் செய்ய முடியுமா என்று கேட்டார். காலை வணக்கப் படங்களை அழிப்பதுதானே வேலை என்று நினைத்துக் குணவதி கை தூக்கினாள்.

உண்மையான வேலை என்னவென்று மறுநாளே தெரிந்தது. மெய்யநாதன் புலாவ் தீக்குஸில் இருக்கிற செட்டியார். நிதி நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. பட்டர்வொர்த்தில் லாரி வாடகைக்கு விடும் புவனேஸ்வரனிடம் ஆரஞ்சு நிற டட்சன். டட்சனெல்லாம் கிளாசிக்கில் சேராது, வெறும் பழைய கார் என்பது மெய்யநாதன் கட்சி. மோரிஸ் கார் அல்ல, சக்கரம் வைத்த பீரோ என்பது புவனேஸ்வரன் கட்சி. சண்டை முற்றினால் இருவருக்கும் ஒரே ஆயுதம்தான். உன் கிழம், உன் கிழட்டு வண்டி, அதை ஓட்டுகிற கிழவன். யார் எதைப் பற்றி எழுதினாலும் பத்தாவது கருத்துக்குள் ஒரு கிழம் வந்து உட்கார்ந்துவிடும்.

குணவதி தன் தொழில் வழியிலேயே இதைத் தீர்த்தாள். குறிப்பிட்ட சொல் வந்தால் பதிவைத் தானாகவே தடுக்கும் வசதி குழுவில் இருந்தது. கிழம், கிழடு, கிழவன் என்று ஒவ்வொன்றாகப் போட்டால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள் என்று யோசித்து, வேரிலேயே கைவைத்தாள். "கிழ" என்று இரண்டே எழுத்து. சொல்லின் நடுவில் வந்தாலும் தடுக்கும்படி செய்தாள். மூன்று முறை மாட்டினால் ஒரு வாரம் எழுத முடியாது. மாட்டுகிறவர்களுக்குப் போக ஓர் அறிவிப்பையும் எழுதி வைத்தாள்: "நம் குழுவின் கண்ணியத்துக்கு ஒவ்வாத சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். நிதானமாக யோசித்துத் திருந்துங்கள்."

அன்றே அமைதி வந்தது. அடுத்த நாள் இன்னும் அமைதி. எண்ணெய் மாற்றும் படம் ஒன்று, மலாயில் ஒரு விளம்பரம், அவ்வளவுதான். கணவன் நாராயணனிடம் கைப்பேசியைக் காட்டிப் பெருமைப்பட்டாள். அவன் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்களா என்று கேட்டான். அவனுக்கு ஒழுங்கின் அருமை தெரியாது என்று அவள் விட்டுவிட்டாள்.

சில பதிவுகள் மட்டும் விசித்திரமாக வந்தன. ஹைதர் என்ற உறுப்பினர் தன் காரைப் பற்றி, "சனிக்கு மறுநாள் காடியைக் கழுவப்போகிறேன்" என்று எழுதினார். பேரன் பிறந்த ஒருவர், தமக்கு "ஆனந்தமோ ஆனந்தம்" என்றார். குழுவில் தமிழ் வளர்கிறது என்று நினைத்துக் குணவதி இரண்டுக்கும் விருப்பம் போட்டாள்.

ஆண்டுதோறும் எல்லாரும் கார்களில் ஊர்வலமாக பினாங்கின் இரண்டாவது கடல்பாலம் தாண்டி பத்து காவான் என்ற ஊருக்குப் போவது வழக்கம். அந்த ஞாயிறுதான் போகவேண்டும். மெய்யநாதன் இன்னும் அறிவிப்புப் போடவில்லை. வயதானவர், மறந்திருப்பார் என்று குணவதி நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டு வாசலில் ஆரஞ்சு டட்சன் வந்து நின்றது. ஓட்டுகிற பக்கம் புவனேஸ்வரன் இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு மெய்யநாதன் இறங்கினார். குணவதிக்குக் கையிலிருந்த துணிக்கூடை நழுவியது.

உள்ளே வந்து உட்கார்ந்தும் மெய்யநாதன் தண்ணீர் குடிக்கவில்லை.

"நான் ஆரம்பிச்ச குழும்மா அது," என்றார். "என்னையே திருந்தச் சொல்லி இருக்கே."

ஊர்வல அறிவிப்பை அவர் போன வாரமே எழுதியிருக்கிறார். கண்ணியமில்லாத சொல் என்று திரும்பி வந்தது. எது அந்தச் சொல் என்று பல தடவை படித்துப் பார்த்து, "அன்புள்ளங்களே" என்பது பெண்களுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று அதை எடுத்தார். மறுபடி திரும்பி வந்தது. "இரண்டாவது பாலம்" என்பதில் இரண்டு அர்த்தம் வருமோ என்று அதையும் எடுத்தார். மூன்றாவது தடவை குழுவே அவரை வெளியே நிறுத்திவிட்டது.

புவனேஸ்வரன் கதை வேறு. டட்சனின் பின்சீட் கிழிந்துவிட்டது, தைக்க நல்ல ஆள் யார் என்று கேட்டிருந்தார். அவருக்கும் இரண்டு தடவை கண்ணியப் பாடம் வந்தது. செட்டியார்தான் குணவதியைத் தூண்டிவிட்டிருக்கிறார் என்று முடிவு செய்து, நேரில் கேட்டுவிடலாம் என்று பாலம் தாண்டி புலாவ் தீக்குஸ் போனார். அங்கே மெய்யநாதன் தன் மனைவி கோமதியிடம், தான் என்ன கெட்ட வார்த்தை பேசினேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பகையை அப்படியே வைத்துவிட்டு இருவரும் ஒரே காரில் கிளம்பிவிட்டார்கள்.

தான் யாரையும் பெயர் சொல்லித் தடுக்கவில்லை, கிழத்தை மட்டும்தான் தடுத்தேன் என்று குணவதி சத்தியம் செய்தாள். புவனேஸ்வரனுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. ஊர்வலம் என்றைக்கு என்பதை மட்டும் எழுதச் சொன்னாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினார். கண்ணியம் பற்றிய அறிவிப்பு உடனே வந்தது. அவரும் வெளியே போனார்.

நாராயணன் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "ஞாயிற்றுக்கிழமை" என்று மெதுவாக வாசித்தான். பிறகு சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"குணா, நீ வாரத்தையே தடை பண்ணிட்டே லா."

குணவதிக்கு உடனே புரியவில்லை. கிழமை ஏழும் போனதை அவன்தான் விளக்கினான். கிழக்கு போயிற்று, கிழங்கு போயிற்று. ழ மேல் புள்ளி வைத்தாலும் சுழி போட்டாலும் கணினிக்கு அது அதே ழதான், அதனால் பின்சீட் கிழிந்ததும் மாட்டியது. மகிழ்ச்சிக்குள்ளும் ஒரு "கிழ" இருக்கிறது என்று அவன் சொன்னபோது, பேரன் பிறந்தவர் ஏன் ஆனந்தப்பட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். தொழிற்சாலையில் இத்தனை வருடத்தில் ஒரு நல்ல பெட்டிக்குக்கூட அவள் தவறாகச் சிவப்பு ஒட்டியதில்லை.

மெய்யநாதன் அப்போதுதான் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"அப்ப நான் கெட்ட வார்த்தை பேசலை," என்றார். "கோமதிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரும்மா."

குணவதி கோமதிக்குச் சொன்னாள். தடையை எடுத்தாள். வெளியே நின்றவர்களை எல்லாம் உள்ளே விட்டு, மன்னிப்புக் கேட்டு எழுதினாள். ஊர்வலத்தைப் பற்றி அன்று மாலை முழுக்க ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். மரவள்ளிக்கிழங்கு கொண்டுவரட்டுமா என்று கேட்டுத் தடைபட்டிருந்த ஜெயந்தி மட்டும் அவளிடம் கால் மணி நேரம் பேசினாள். அதில் பெரும்பகுதி கண்ணியத்தைப் பற்றியது.

மறுநாள் ஏறக்குறைய எல்லாரும் வந்துவிட்டார்கள். பாலத்தின்மேல் கார்கள் வரிசையாகப் போனபோது பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்து வாழ்த்தின, அல்லது திட்டின. பத்து காவானில் ஒரே ஒரு மரத்தடிதான் நிழலாக இருந்தது. மோரிஸும் டட்சனும் ஒரே நேரத்தில் அதற்குள் மூக்கை நுழைத்தன. கண்ணாடி இறங்கியது. கிழம் என்று ஒரு குரல் கேட்டது.

குணவதி எழுந்து போகப் பார்த்தாள். அதற்குள் ஹைதர் தான் உட்கார்ந்திருந்த பாயை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஜெயந்தி தட்டோடு போனாள். மெய்யநாதன் கார்புரேட்டரைப் பற்றிச் சொன்னதைப் புவனேஸ்வரன் மறுக்க, அதை மெய்யநாதன் படம் வரைந்து காட்ட, ஐந்தாறு பேர் தங்கள் வண்டிக்கும் அது பொருந்துமா என்று கேட்டார்கள். இந்தக் குழுவில் கார் பற்றி யாராவது எதையாவது கற்றுக்கொண்டால் அது இந்தச் சண்டையில்தான் என்று குணவதிக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் பொறுப்பை விடவில்லை. இருவருக்கும் குழுவில் தனி இடம் ஒதுக்கினாள். ஞாயிறு காலையில் அங்கே சண்டை போடலாம். மற்ற இடங்களில் வாயைத் திறக்கக்கூடாது. இருவரும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

சில வாரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு ஞாயிறு அந்த இடம் காலியாகக் கிடந்தது. எட்டு மணிக்கே புகார்கள் வர ஆரம்பித்தன. காப்பியோடு காத்திருக்கிறோம், நிர்வாகம் என்ன செய்கிறது என்று ஒருவர் கேட்டார். குணவதி பதறிப்போய் மெய்யநாதனுக்குப் போன் போட்டாள். எடுத்தது புவனேஸ்வரன்.

"ஈப்போவுக்குப் பார்ட்ஸ் தேட வந்துருக்கோம்," என்றார். "அண்ணன் காடிக்குக் கீழ படுத்துருக்காரு. சண்டைய மத்தியானத்துக்கு மேல வச்சுக்கலாமான்னு கேக்குறாரு."

குணவதி குழுவில் அறிவிப்புப் போட்டாள்: தவிர்க்க முடியாத காரணத்தால் இன்றைய சண்டை மாலை நான்கு மணிக்கு.