நசுக்காத திராட்சை

கழுவும் மெஷினுக்குள் வைக்குமுன் ஒவ்வொரு கிளாசையும் புஷ்பராணி ஒருதரம் மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள். அடியில் கிடக்கும் சொட்டை வைத்தே என்ன வைன் என்று சொல்லிவிடுவாள். பிறகு அந்த மேசையின் ஓடர் சீட்டில் சரிபார்ப்பாள். மொன்றியலில் இந்த உணவகத்தில் ஐந்து வருடமாகக் கோப்பை கழுவுகிறாள். ஒரு சொட்டும் வாயில் வைத்ததில்லை. இன்று மூன்று மணிக்கு, ஆட்கள் சாப்பிடும் ஹோலில் வைன் பரிமாறும் வேலைக்கு அவளைச் சோதிக்கப்போகிறார்கள்.

"குடியாமலே வைனைப் பற்றிக் கதைக்கப் போறியள். நல்ல பகிடி அக்கா," என்றான் சமையல்காரன் றெனோல்ட்.

"நீ குடிச்சுக் குடிச்சும் வெங்காயம்தானே வெட்டுறாய். பேசாமல் வெட்டு."

மனேஜர் பெண்மணி ஒரு சிவப்பு வைனை ஊற்றி நீட்டினார். போஜொலே என்ற பிரெஞ்சு வைன். புஷ்பராணி மணந்து பார்த்து, வாழைப்பழ வாசம் என்றாள் பிரெஞ்சில். திராட்சையில் வாழைப்பழம் எப்படி வந்தது என்று மனேஜர் கேட்டார்.

அவள் படித்துவைத்துக் காத்திருந்த கேள்வி அதுதான். பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே கருங்கல் குன்றுகளில் விளையும் கமே திராட்சை அது என்று தொடங்கினாள். பொதுவாகப் பழத்தை நசுக்கித்தான் நொதிக்கவிடுவார்கள். அங்கே கையால் பறித்த குலைகளை முழுசாகத் தொட்டியில் நிரப்பி மூடிவிடுவார்கள். மேலுள்ள பாரத்தில் அடிப்பழங்கள் உடைந்து நொதிக்கும். அதில் எழும் வாயு தொட்டியெல்லாம் பரவிக் காற்றை வெளியேற்றிவிடும். காற்றில்லாமல் போனதும், உடையாத பழம் தன் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். வாசம் பிறப்பது அங்கேதான். தோல் சாற்றில் அதிகநாள் ஊறாததால் கயர்ப்பும் குறைவு.

பிறகு போத்தலைத் தொட்டுப் பார்த்தாள். இதை இன்னும் கொஞ்சம் குளிரவைத்துக் கொடுக்கவேண்டும் என்றாள். மனேஜர் ஒரு மிடறு குடித்துவிட்டு, ஐஸ் வாளியை எடுத்துவரச் சொன்னார்.

அவள் சமையலறைக்குத் திரும்பி வந்ததும் றெனோல்ட் கத்தியை வைத்தான்.

"என்னவாம்?"

"வெள்ளிக்கிழமை தொடங்கட்டாம்!"

"சொல்லுங்கோ பாப்பம்! அப்ப கோப்பை ஆர் கழுவுறது?"

"ஆள் கிடைக்கும்வரைக்கும் அதுவும் நான்தானாம்."

"ரெண்டு வேலைக்கும் ரெண்டு சம்பளமோ?"

"ஒண்டுதான். முதல் உள்ளுக்குப் போவம், பேந்து கேப்பன். கேளாமல் விடமாட்டன்."

வெள்ளிக்கிழமை ஜன்னலோர மேசையில் நாலு பேர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் சொல்வதைக் கேட்டார்கள். உடையாத பழத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவர் திரும்பவும் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து சொன்னாள். புதிய கறுப்பு ஏப்ரனுக்கு அடியில், கழற்ற நேரமில்லாத ரப்பர் ஏப்ரனிலிருந்து தண்ணீர் அவளுடைய சப்பாத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.