அன்புள்ள டெஸ், உன்னைக் கவனித்து வருகிறோம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அந்தப் பொய்யை எழுதியவன் நான். கல்லூரிகளுக்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கும் கம்பெனியில் ஒன்பது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். "அன்புள்ள டெஸ், உன்னைக் கொஞ்ச நாளாகவே கவனித்து வருகிறோம்" என்பது என் வரி. டெஸ் இருக்கும் இடத்தில் எந்தப் பெயரும் வரும். தேர்வுத்தாளில் ‘கல்லூரிகள் என்னைத் தொடர்புகொள்ளலாம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்த பிள்ளைகளின் பெயர்களைக் கல்லூரி விலைக்கு வாங்குகிறது. அவ்வளவுதான் எங்கள் கவனிப்பு.

போன வாரம் டெஸ் கோவாண்டா பதில் எழுதிவிட்டாள். நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குக் கோடியிலிருந்து, கையால், நீல மையில். கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த திரு. ஹாலோவெல்லுக்கு எழுதியிருந்தாள். அப்படி ஒரு ஆளே கிடையாது.

"எங்கள் ஊர்ப் பத்திரிகையில் தவளைகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்தீர்களா? அப்படித்தான் என்னைக் கண்டுபிடித்தீர்களா? மாநிலக் கல்லூரியின் உதவித்தொகைக்கு நவம்பர் ஒன்றுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் இருக்கும்போது அது எதற்கு? உங்கள் கடிதங்களை என் அப்பாதான் கொண்டுவருகிறார். அவர் இங்கே தபால்காரர்."

அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இனி வருகிற அப்பா முழுக்க என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘பரந்த சமவெளியில் சூரியன் மெல்ல…’ சீ, வேண்டாம்.

இரண்டாவது: ‘லைல் கோவாண்டா நேர்மையும் உழைப்பும் நிறைந்த…’ இது ஆபீசில் எழுதுகிற வரி.

மூன்றாவது: காலை ஏழு மணிக்கு லைல் தபால் நிலையத்தின் பின்னறையில் நின்று தன் பாதைக்கான தபால்களை வீடுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மகளின் பெயர் போட்ட உறை கைக்கு வந்தது. மனசு குளிர்ந்தது. அடுத்து அதே உறை பெச்சாக் வீட்டுப் பையனுக்கு. அப்புறம் மேட்டு வீட்டு இரட்டைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. மொத்தம் பதினொன்று. தபால்தலை எல்லாவற்றிலும் கொஞ்சம் கோணல், எல்லாவற்றிலும் ஒரே கோணல்.

(அடிக்குறிப்பு: இது மட்டும் கற்பனை இல்லை. கோணலாக ஒட்டச் சொன்னது என் யோசனை. யாரோ உட்கார்ந்து கையால் ஒட்டியதுபோல் இருக்கும் என்றேன். மெஷின்தான் ஒட்டுகிறது. அந்த வருடம் எனக்குப் பாராட்டு விழா நடந்தது, கேக் வெட்டினார்கள்.)

இருபத்திரண்டு வருடம் தபால் பிரித்தவரை ஏமாற்ற முடியுமா? லைல் பதினோரு உறைகளையும் அந்தந்த வீட்டுக்கான தட்டில் செருகினார்.

3

"அப்பா, இது பதினாலாவது லெட்டர்! எண்ணிட்டு வர்றியா இல்லையா?"

"உனக்கு மட்டும்தான் எழுதுறாங்களா, கண்ணு?"

"பின்னே? என் பேரைப் போட்டு எழுதியிருக்கார்ப்பா."

"கரண்ட் பில்லுலகூடத்தான் என் பேரு இருக்கு."

"ஐயே, பொறாமை! ஊருக்கெல்லாம் லெட்டர் குடுக்குற, உனக்கு ஒருத்தரும் போடல, அதான்."

லைல் சிரித்துவைத்தார். "சரி, அந்த ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிட்டியா? அது இல்லன்னா நம்மால முடியாதும்மா."

"இவங்க என்னைத் தேடி வந்திருக்காங்க. இதை விட்டுட்டு இன்னொருத்தர் வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?"

"அதில்ல டெஸ், பெச்சாக் பையனுக்கும்…"

"அவனுக்கு என்ன?"

அடுத்தவர் தபாலைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது அவர் வேலையின் விதி. [விதி தடுத்தது என்று எழுதினால் பொய். மகளின் முகம்தான் தடுத்தது.]

"ஒண்ணுமில்ல. சாப்பிடு, ஆறுது."

4

இந்த லைல் மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரு நல்லவரை எனக்குத் துணையாகச் செய்துகொண்டேனோ என்னவோ.

அவருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. தன் வாசலுக்குள் வர முடியாத மதிப்பெண் உள்ள பிள்ளைகளின் பெயர்களையும் அந்தக் கல்லூரி கேட்டுத்தான் வாங்குகிறது. நிறையப் பேர் விண்ணப்பித்து நிறையப் பேரை விரட்டினால்தான் அதற்குப் பெருமை. டெஸ் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறாள். பாவிகள்! (பன்மையில் எழுதி நான் நழுவிக்கொள்வதைக் கவனியுங்கள்.)

முடிவு அ: லைல் சொல்லிவிடுகிறார். அவள் இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் உதவித்தொகைக்கு எழுதுகிறாள்.

முடிவு ஆ: சொல்லவில்லை. மார்ச்சில் ‘இடமில்லை’ என்ற ஒற்றைத் தாளோடு ஒரு மெல்லிய உறை வருகிறது. அதையும் அவரேதான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

முடிவு இ: கல்லூரி அவளை எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால்… ஏனென்று எனக்கு எழுத வரவில்லை.

கையால் பதில் எழுதும் பிள்ளையை ‘ஆர்வம் உள்ளவர்’ என்று குறித்து, இன்னும் நான்கு கடிதம் அனுப்ப வேண்டும் என்பது ஆபீஸ் விதி. டெஸ்ஸை அப்படிக் குறித்துவிட்டேன். ஆமாம், நானேதான்.

5

முடிவை உங்களிடம் விடுகிறேன் என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம். இந்த மாதிரிக் கதைக்கு அது பொருத்தமாகக்கூட இருக்கும்.

இன்று அக்டோபர் இருபத்தைந்து. உதவித்தொகைக்கு எழுத இன்னும் ஏழு நாள். இங்கிருந்து அவள் ஊருக்குத் தபால் போக மூன்று நாள் ஆகும். ஒரு தாளில் உண்மையைச் சொல்லி நாலு வரி, கீழே என் சொந்தப் பெயர், அது போதும். வேலை போகும். காலையிலிருந்து அதை எழுதாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவை உங்களிடம் விட முடியாது. உங்களிடம் அவள் முகவரி இல்லை. என்னிடம் இருக்கிறது.