கெட்டி ஸ்பிரிங்கும் கண்ணாடி லோடும்

டர்போ என்று எல்லாரும் கூப்பிடுவது லாரியை அல்ல, அதன் சொந்தக்காரரை. மலையேற்றத்தில் சகலையின் லாரி ஒவ்வொரு முறையும் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனதில் மனிதருக்கு வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலில்தான் இன்ஜினைத் திறந்து, கெட்டியான வால்வு ஸ்பிரிங்கும் தடித்த புஷ்ராடும் போடச் சொன்னார்.

மெக்கானிக் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டான். புஷ்ராடு வால்வைத் திறக்க உதவும் கம்பி, ஸ்பிரிங் அதை மூடுவது. இன்ஜினைத் தாறுமாறாகச் சுற்றவிட்டாலும் கம்பி வளையாது, வால்வு நேரத்துக்கு மூடும், அவ்வளவுதான். இழுவை கூட வேண்டுமென்றால் டீசலும் காற்றும் கூடப் போகவேண்டும். ஆனால் இறக்கத்தில், புகைக்குழாயை அடைத்து வண்டியை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால், புகை திரும்பி முட்டுகிற முட்டலுக்கு வால்வு அசைந்து கொடுக்காது, வண்டி நன்றாகப் பிடிக்கும் என்றான். அப்போது டர்போ காதில் ஏறியது ‘கெட்டி’ என்கிற ஒரு சொல் மட்டும்.

அன்று தொடங்கியது பவர் புராணம். எடைமேடையில், பஞ்சர் கடையில், துக்க வீட்டில்கூட அதே பேச்சு. ஏற்றத்தில் சகலை வழக்கம்போல முந்திப் போனதைப் பற்றி மூச்சு விடவில்லை. இறக்கத்தில் வண்டி பூனைபோல் இறங்கியதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

மாமனாருக்கு மலை உச்சிக் கண்ணாடித் தொழிற்சாலையில் லோடு அனுப்பும் பொறுப்பு. வருஷம் முழுக்க வேலை, ஆனால் ஒரே ஒரு லாரிக்குத்தான் என்று இரண்டு மருமகன்களையும் கூப்பிட்டிருந்தார். டர்போவின் வண்டி பாதி நாள் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. இதுவும் தவறினால் விற்பதைத் தவிர வழியில்லை. வாயை மட்டும் கட்டிக்கொண்டு வரும்படி மனைவி கெஞ்சி அனுப்பியிருந்தாள்.

மாமனார் அவரைத்தான் முதலில் பார்த்தார். “மாப்பிள்ளை, கண்ணாடி முழுசா கீழ போய்ச் சேரணும். மெதுவா இறங்குற வண்டிதான் எனக்கு வேணும். உங்க வண்டி பறக்குதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. அதெல்லாம் சும்மா பேச்சுதானே?”

பெரிய மனுஷர், வேலையை எடுத்துக் கையில் கொடுத்தமாதிரிதான் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். இறக்கத்தில் வண்டி நன்றாகப் பிடிக்கும் என்று மெக்கானிக் சொன்னதும் நினைவுக்கு வந்தது, நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்து நாற்காலியில் சகலை லேசாகச் சிரித்தார்.

“சும்மாவா? இறக்கத்துல பிடிச்சாலும் நிக்காது மாமா.”

 மாமனார் சகலை பக்கம் திரும்பி, நாளைக் காலை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.

வெளியே வந்ததும் சகலை தோளில் கைபோட்டு, அந்த ஸ்பிரிங் எங்கே கிடைக்கும் என்று உண்மையாகவே கேட்டார். டர்போவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வழி நெடுகச் சிரித்த முகமாகத்தான் வந்தார். வாசலில் நின்ற மனைவி, “வேலை கெடச்சுதா?” என்று கேட்கும்வரை.