டெல்பர்ட் குளத்துக் காளைகள்

தட்டில் வைத்த மீன் துண்டின் அகலத்தைப் பார்த்ததுமே டெல்பர்ட் யான்சிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடையில் வாங்கிய மீன் இல்லை இது. ஏரியில் பிடித்ததும் இல்லை. கென்டக்கியின் மேற்குக் கோடியில் இந்த அகலத்துக்கு ப்ளூகில் மீன் வளர்கிற தண்ணீர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒன்றரை ஏக்கர் குளம்.

இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பி அன்று ஐந்தாவது நாள். அவரை வரவேற்கத்தான் சர்ச் கூடத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. அறுபது பேர் உட்கார்ந்து வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சோளமாவில் புரட்டிப் பொரித்த மீன், முட்டைக்கோஸ் சாலட், வெள்ளை பீன்ஸ், பல் கூசுகிற இனிப்பில் ஐஸ் டீ.

"சாப்பிடுண்ணே! எல்லாம் உன் மீனுதான்!" என்று எண்ணெய்ச் சட்டிப் பக்கமிருந்து கத்தினான் தம்பி ராய்ஸ். ஏப்ரன் கட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, வாயெல்லாம் பல்லாக நின்றான்.

டெல்பர்ட்டுக்கு நெஞ்சில் போட்ட தையல் சுரீரென்று இழுத்தது. "எத்தனை?" என்றார்.

"நாப்பத்தொண்ணு! ஒவ்வொண்ணும் தட்டு சைஸு. நானும் நம்ம சர்ச் ஆளுங்க நாலு பேரும் போனோம். ரெண்டு மணி நேரம்கூட ஆகல. அவனவன் முட்டைக் கூட்டு மேல ராஜா மாதிரி உக்காந்திருந்தான். சில்வண்டக் கோத்துப் போட்டா போதும், லபக்குனு வந்துட்டான்."

"சின்னதெல்லாம்?"

"ஒண்ணக்கூடத் தொடல. பத்திரமா திரும்பத் தண்ணியில விட்டுட்டோம். நாங்க என்ன அறிவு கெட்டவங்களா?"

"பாஸ் மீனு?"

"அய்யோ, அதக் கேக்காத! எலும்பும் தோலுமா, பாக்கவே கண்றாவியா இருந்துச்சு. அஞ்சு வாளி அள்ளி வெளிய கொட்டிட்டோம். இனிமே பாரு, குளம் கொழுகொழுன்னு இருக்கும்."

எதைச் செய்யவே கூடாதோ, அதை ஒன்று விடாமல் செய்து முடித்திருந்தார்கள். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் செய்வார்கள், இதைத்தான் நியாயம் என்பார்கள். பெரிய மீனை எடு, சின்ன மீனை விடு, ஒல்லி பாஸை வெளியே எறி. ப்ளூகில் குளத்தைப் பிடித்துத் தீர்க்கவே முடியாது, பிடிக்கப் பிடிக்கத்தான் அது செழிக்கும். தாத்தன் காலத்திலிருந்து சொல்லிச் சொல்லியே, கட்டைவிரல் நீளப் பொடி மீன் நெளிகிற குளங்களாக அத்தனை குளத்தையும் ஆக்கி வைத்திருந்தார்கள்.

டெல்பர்ட் குளத்தில் சட்டமே தலைகீழ். பெரிய ஆண் மீன்களைக் காளை என்பார்கள். காளையைப் பிடித்தால் எடை போட்டுவிட்டு முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப விட வேண்டும். அது மேய்கிற வரைக்கும் பொடிப் பயல்கள் அடங்கிக் கிடந்து உடம்பை வளர்ப்பார்கள். அது போய்விட்டால், நாலு அங்குலத்திலேயே பெரிய மனுஷனாகிக் கூடு கட்டக் கிளம்பிவிடுவார்கள், அதோடு வளர்த்தி நின்றுபோகும். பாஸ் பசியோடு, ஒல்லியாக, கூட்டமாக இருக்க வேண்டும். அந்தப் பசிதான் குஞ்சுகளை அடித்துத் தின்று, மிச்சமிருப்பதற்கு இடம் கொடுக்கும். பதினோரு வருஷம் இதைத்தான் அவர் செய்தார். தானியக் கிடங்கில் வேலை பார்த்த காலத்திலும், ஓய்வு பெற்ற பிறகும், விடிந்தால் அடைந்தால் குளம்தான்.

அந்தக் காளைகளில் ஒன்று போன அக்டோபரில் இரண்டு பவுண்டு ஐந்து அவுன்ஸ் இருந்தது. இன்னும் மூன்று அவுன்ஸ் ஏறி இரண்டரையைத் தொட்டுவிட்டால் போதும் என்று இருந்தார். ப்ளூகில் இரண்டரை பவுண்டு வருகிறதை அந்த ஜில்லாவில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவருக்கு வயது அறுபத்தெட்டு. டாக்டர் கொடுத்த மிச்சக் காலத்தில் இன்னொரு பதினோரு வருஷத்துக்கு இடமிருக்கிறதா என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"பிரதர் டெல்பர்ட், ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் பாஸ்டர் டாக்கெட். கூடம் அமைதியானது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஒனைடா அவர் முதுகில் கை வைத்துத் தாங்கி எழுப்பினாள். அறுபது முகமும் அவரையே பார்த்தன. அத்தனை பேரும் அவருக்காக ஜெபம் பண்ணியவர்கள். இவர்களை என்னவென்று திட்டுவது?

"மீன் நல்லா இருக்கு" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது.

உட்கார்ந்து அந்தத் துண்டைத் தின்றார். தன் குளத்துக் காளையை அவர் ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை. சொன்னால் வயிறு எரிகிறது, மீன் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் ராய்ஸின் வண்டியில் ஏறி, நேரே குளத்துக்கு விடச் சொன்னார். வீடு வந்ததிலிருந்து ஒனைடா அவரைக் கட்டிலை விட்டு இறங்க விட்டிருக்கவில்லை. கரையில் நின்று பார்த்தார். சரளை மேட்டில் காளைகள் வட்ட வட்டமாகத் தோண்டி வைத்திருந்த கூடுகளின் மேல் வண்டல் படிந்து கிடந்தது. காவலுக்கு ஒன்றுகூட இல்லை. ஓரத்தில், கைக்கு அடங்குகிற பொடிப் பயல்கள் நாலைந்து பேர் அதற்குள் நெஞ்சு சிவந்து, வாலால் தட்டித் தட்டிக் கூடு தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். பத்து நாளில் வந்த துணிச்சல்.

"பாத்தியா, எவ்ளோ மீனு!" என்றான் ராய்ஸ். "நான்தான் சொன்னேன்ல, பிடிச்சுத் தீராதுன்னு."

"முட்டாப் பயலே! காளைய எடுக்கக் கூடாதுன்னு உன்கிட்ட எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

ராய்ஸின் முகம் தொங்கிப்போயிற்று. "சொல்லியிருக்க. வாரா வாரம் சொல்லியிருக்க. ஆனா அரை மைல் தள்ளித்தான் இருக்கேன். பதினோரு வருஷத்துல ஒரே ஒரு நாள், வாடா தூண்டில் போடலாம்னு கூப்பிட்டிருக்கியாண்ணே?"

அவர் கூப்பிட்டதில்லை.

"பெருசு ஒண்ண மட்டும் வெட்ட மனசு வரல" என்றான் ராய்ஸ், வண்டியைத் திருப்பிக்கொண்டே. "உன் வீட்டு ஃப்ரீசர்ல முழுசா இருக்கு. பாடம் பண்ணி மாட்டிக்கோ."

ராய்ஸ் இறக்கிவிட்டுப் போன பிறகு, கார் கொட்டகையில் இருந்த பெட்டி ஃப்ரீசரின் மூடியைத் தூக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. வலது கையால் தையலை அமுக்கிக்கொண்டு, தோளைக் கொடுத்து நெம்பித் தூக்கினார். மேலாகவே கிடந்தது. கல்லாக உறைந்து, வாயைத் திறந்தபடி, இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிற மாதிரி. தராசுக் கொக்கியில் மாட்டினார். இரண்டு பவுண்டு ஒன்பது அவுன்ஸ்.

தொட்டுவிட்டது. தாண்டியே விட்டது. கூப்பிட்டுக் காட்ட ஒரு நாதியில்லை. அவர் தராசு முள்ளை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகுதான் கீழே அடுக்கியிருந்த பைகளைக் கவனித்தார். விருந்துக்குப் போக மிஞ்சிய மீன் துண்டுகள், நாலு பை. ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி எழுதியிருந்தது. ஒனைடாவின் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக. 'மே 14, புதன். அடக்கச் சாப்பாடு.'

இரண்டு தடவை படித்தார். தங்கள் சர்ச்சில் செத்தவர் வீட்டுக்கு யார் யார் என்ன சமைத்து வருவது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுவார்கள், அது அவருக்குத் தெரியாததில்லை. திங்கட்கிழமை ஆபரேஷன். வெள்ளிக்கிழமைதான் கண் விழித்தார்.

சத்தம் கேட்டு ஒனைடா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். மழுப்பவில்லை.

"புதன்கிழம நான் உசிரோடதான இருந்தேன்?" என்றார்.

"சொந்தக்காரங்களக் கூப்பிட்டுச் சொல்லிடுங்கன்னுட்டாரு டாக்டர். டெக்சஸுல இருக்குற நம்ம பொண்ணுக்கு போன் போட்டேன். பாஸ்டர் வந்தாரு, எத்தனை பேரு வருவாங்கன்னு கேட்டாரு. நூத்தம்பது பேருக்கு நான் எதப் போடுவேன், டெல்பர்ட்? குளத்துல பிடிக்கவான்னு ராய்ஸ் கேட்டான். நான்தான் சரின்னேன்."

"காளைய எடுத்தா குளமே போயிடும்னு உனக்குத் தெரியும்."

"தெரியாம? பதினோரு வருஷமா இந்த வீட்டுல வேற பேச்சே கெடையாது. தெரிஞ்சுதான் சரின்னேன். நீயே இல்லேன்னு ஆனப்புறம் அந்தக் குளத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? ஒரு தடவையாச்சும் நாலு பேரு வயிறார சாப்பிடட்டும்னு நெனச்சேன்."

"தொண்டையில குழாய். கண்ணத் தொறக்க முடியல" என்றார் டெல்பர்ட். "இது கூட்டுக்கு மேல சுத்திச் சுத்தி வருமே, அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவ எடை போட்டுப் பாத்துடணும்னு. இதுக்காகத்தான் திரும்பி வந்தேன், ஒனைடா."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. ஒன்பது ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியவள் அவள். வியாழக்கிழமை காதருகில் குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டபோது, அவர் தன் விரலை அழுத்தினார் என்று அன்று மத்தியானம்கூட மேசை மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் மீனை அவர் கையிலிருந்து வாங்கினாள். பைகளுக்கு மேல் வைத்து ஃப்ரீசரை மூடினாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"மாத்திரை போடுற நேரமாச்சு" என்றாள். "உள்ள வா."

கொட்டகையிலிருந்து வீட்டுக்கு மூன்று படி. இத்தனை நாளும் அவர் முழங்கையைப் பிடித்துத் தாங்கியவள், அவருக்கு முன்னாலேயே ஏறி உள்ளே போய்விட்டாள். டெல்பர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார்.